ஒரு வார்த்தைக்கு எத்தனை வீடு

கொழும்பிலிருந்து மலைக்கு ஏறும் ரயிலில் நான் முதலில் வாங்கிச் சாப்பிட்டது ஒரு ரோல். நம் ஊர் முட்டை பப்ஸ் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். மெல்லிய தோசை போன்ற ஒன்றுக்குள் மீனும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்திருந்தார்கள். ஒரு கடி கடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விற்றவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் அதை எனக்குத் தமிழில் சொன்னான்: "தண்ணி குடிக்காதீங்க, இன்னொண்ணு சாப்பிடுங்க, சரியாயிடும்ங்கிறார்." அந்தப் பையனும் பேராதனையில் இறங்கிப் போய்விட்டான். அதற்குப் பிறகு என்னோடு பேச யாரும் இல்லை.

யாழினி, அந்த ரோலைக் கையில் பிடித்திருந்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. நான் புறப்படுவதற்கு முந்தைய சாயங்காலம் நீ இங்கிலீஷ் பேப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாயே. "ஒரே வார்த்தைக்கு இத்தன அர்த்தம் வச்சா மனுஷன் எப்படிப்பா படிக்கிறது?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு லேத்துக்குப் போனவன் நான். ஸ்பிரிங் என்றால் எனக்குச் சுருள் கம்பி மட்டும்தான். நீதான் சொன்னாய், அது ஊற்றாம், வசந்த காலமாம், துள்ளிக் குதிப்பதுமாம். போகிற வழியில் அப்படிப்பட்ட வார்த்தைகளைப் பொறுக்கி எழுதிக்கொண்டு வருகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினேன். முதல் வார்த்தை ரோல். உருளுவது, பள்ளிக்கூடத்தில் உன் நம்பர், துணிக்கடையில் சுற்றி வைத்திருப்பது, இப்போது மீன் வைத்த பலகாரம். கதிர், நீ யானை கேட்டாய். யானையை நான் பார்க்கவில்லை.

நான் எதற்குப் போனேன் என்பது உங்கள் இருவருக்கும் பாதிதான் தெரியும். சுமதி அத்தையைப் பார்க்கப் போனேன் என்று தெரியும். அவளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்ற முடிவோடு போனேன் என்பது தெரியாது.

ராஜா மாமா சண்டைக் காலத்தில் அகதியாக நம் திருச்சிக்கு வந்தவர். ஒர்க்ஷாப்பில் எனக்கு அடுத்த லேத்து அவருடையது. நான்தான் அவரை வீட்டுக்கு அழைத்து வந்து சுமதிக்குக் காட்டினேன். சண்டை முடிந்ததும் அவர் தன் மலைக்குத் திரும்பினார், அவளும் கூடப் போனாள். அந்த நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்டாள். போன வருடம் மழைக்கு முன்னால், தேயிலைக்கு நடுவில் குளவிக் கூடு கலைந்து, மாமா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் இறந்துபோனார். அப்போது என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. போக முடியவில்லை. அதற்குப் பிறகு போனில் அத்தையின் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. "சாப்பிட்டீங்களாண்ணே? அங்க மழையா? சரிண்ணே." அவ்வளவுதான். உங்கள் அம்மா சொன்னாள், "போய்க் கூட்டிக்கிட்டே வந்துடுங்க. இருக்கிறதைப் பங்கு போட்டுக்குவோம்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சுமதியை மட்டும் நான் கேட்கவில்லை.

வட்டவளை தாண்டியதும் ரயில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பனி. நேரம் ஆக ஆகப் பனிதான் உள்ளே வந்தது, ரயில் நகரவில்லை. மழையில் மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டதாம். "லைன் க்ளியர் இல்ல" என்று ஒரு ஊழியர் பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டு போனார். எல்லோரும் பையைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கி, கட்டைகளின் மேல் கால் வைத்து வந்த வழியே நடந்து ரோட்டுக்குப் போனோம். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் அதையும் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தார்கள். ஜோடியாக வந்தவர்களுக்கு மண் சரிவும் ஒரு வேடிக்கை. என் செருப்பு அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, லைன், லைன் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். ரயில் போவது லைன். ரேஷன் கடையில் நிற்பது லைன். போன் கிடைக்காவிட்டால் லைன் பிஸி. லேத்தில் நான் இரும்பின் மேல் கீறுவதும் லைன்தான். அன்று சாயங்காலம் இன்னொரு லைன் கிடைத்தது. தோட்டத்தில் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள். அதைத்தான் லயம் என்கிறார்கள்.

ரோட்டில் கிடைத்த வண்டியில் ஹட்டன் வந்து, அங்கே செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன். காய்கறி மூட்டைகளோடு ஒரு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் சிலுவை. ஐம்பது வயது இருக்கும். பஸ் கிளம்புவதற்குள் கேட்டுவிட்டார்.

"பேக்கப் பாத்தா வெளிநாட்டு ஆளு மாதிரி இருக்கீங்களே தம்பி. எந்தப் பக்கம்?"

"இந்தியாங்க. திருச்சி."

"அட கர்த்தாவே! எங்க பாட்டனுக்கு முசிறிப் பக்கம்னு சொல்லுவாங்க. யாரு வீட்டுக்குப் போறீங்க?"

சுமதியின் பெயரையும் ராஜாவின் பெயரையும் சொன்னேன். அவர் என் கையையே பிடித்துக்கொண்டார். "நம்ம சுமதிக்கு அண்ணனா நீங்க? நான் மரியம்மா. அவ லயத்துக்கு அடுத்த லயம்தான் எங்களது. தங்கமான புள்ள." மூட்டையைப் பிரித்து ஒரு பேரிக்காயை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தார்.

வீட்டை விட்டு வந்ததிலிருந்து நான் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. பேரிக்காயைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டிக்கோயா தாண்டுவதற்குள் நம் வீட்டு மாடி அறை வரைக்கும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு வந்திருக்கேங்க."

"புள்ளையையுமா?"

"ரெண்டு பேரையும்தான்."

மரியம்மா என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "அப்ப காம்பரா?" என்றார். காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் வீடு. அது எனக்குப் பேச்சிலேயே புரிந்தது.

"அதுக்கென்னங்க? பூட்டிட்டு வரவேண்டியதுதான்" என்றேன்.

 மூட்டையின் வாயை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். மூட்டைகளைக் கடையில் போட முன்னாலேயே இறங்கும்போது, "நல்லபடியா போய்ட்டு வாங்க தம்பி" என்றார். பூட்டிவிட்டு வருவதாக நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னென்ன செய்யப் போகிறது என்று தெரியாமல் நான் பேரிக்காய்க் காம்பை வெளியே எறிந்தேன்.

சுமதி குடையோடு ரோட்டோரத்தில் நின்றாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள், அழுவாள் என்றெல்லாம் எண்ணியிருந்தேன். "வாங்கண்ணே, வழுக்கும், பாத்து வாங்க" என்று முன்னால் நடந்தாள். அவள் மகள் தர்ஷினி என் பையை வாங்கிக்கொண்டாள். நீங்கள் போட்டோவில் பார்த்த குட்டிப் பெண் இல்லை அவள். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். நம் ஊர்ப் பத்தாம் வகுப்பு மாதிரி.

தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. பக்கத்து வீட்டில் ஒருவர் தும்மினால் நம் வீட்டில் "நூறு" என்று சொல்லலாம். முன்னால் ஒரு சின்ன வராந்தா, அதற்கு இஸ்தோப்பு என்று பெயர். உள்ளே ஒரு அறை, பின்னால் அடுப்படி. சுவரில் ராஜா சிரித்துக்கொண்டிருந்தார். அது ஒர்க்ஷாப் ஆயுத பூஜையில் எடுத்த படம். ஓரத்தில் தெரியும் தோள் என்னுடையது.

ரொட்டியும் சம்பலும் கொடுத்தாள். தேங்காயும் மிளகாயும் இடித்தது. கூடவே பால் இல்லாத தேநீர். அதைப் பிளேன்டி என்கிறார்கள். சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. இவர்கள் குடிப்பதோ சல்லடையில் கடைசியாக விழுகிற தூள். அதற்கு டஸ்ட் என்று பெயர். நம் வீட்டில் உங்கள் அம்மா டஸ்ட் என்று சொன்னால் நீங்கள் துடைப்பத்தை எடுப்பீர்கள்.

அன்று நான் விஷயத்தைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் நான் எழுந்தபோது சுமதி வேலைக்குப் போயிருந்தாள், தர்ஷினி பள்ளிக்கூடம் போயிருந்தாள். ரொட்டி மூடி வைத்திருந்தது. லயமே காலி. இவ்வளவு வீடுகள் இருந்தும் ஒரு மனிதக் குரல் இல்லாத இடத்தை நான் பார்த்ததில்லை. எங்கோ ஒரு வீட்டில் ரேடியோவை அணைக்க மறந்திருந்தார்கள். ஒரு நாய் வந்து என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, நான் யாருக்கும் சொந்தமில்லை என்று முடிவு செய்து போய்விட்டது. உங்களுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். நீங்களும் பள்ளிக்கூடத்தில் இருப்பீர்கள். மலையைப் பார்த்தேன். தூரத்தில் சின்னச் சின்னதாகப் பெண்கள் தெரிந்தார்கள், எல்லோர் இடுப்பிலும் ஒரே மாதிரிப் பாலிதீன் படுதா. அதில் என் தங்கை யார் என்று தெரியவில்லை. அங்கே மலைகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ராஜா விழுந்த மலை ஏழாம் நம்பர். எதிரே நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அது என்று அப்புறம் தெரிந்தது.

சும்மா இருக்க முடியாமல் வார்த்தைகளை எழுதினேன். லீஃப் என்றால் இலை, புத்தகத்தில் ஒரு தாள். ரவுண்ட் என்றால் உருண்டை, குத்துச்சண்டையில் ஒரு சுற்று, இங்கே ஒரு மலையில் கொழுந்து எடுத்து முடித்து மறுபடி அதே செடிக்கு வருகிற கணக்கு. பாஸ் என்றால் தேறுவது, கடந்து போவது, பஸ்ஸில் காட்டுகிற அட்டை. எழுதிப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது, யாழினி. வார்த்தையைத் தனியாக நிறுத்தி வைத்து அர்த்தம் கேட்டால் அது முழிக்கும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார். பேப்பர் பக்கத்தில் ரோல் வந்தால் வேறு, நம்பர் பக்கத்தில் ரோல் வந்தால் வேறு. டீச்சர் இதைச் சொல்லியிருப்பார்கள். நான் லேட்டாகக் கண்டுபிடித்தேன்.

சாயங்காலம் தர்ஷினி என் வார்த்தைகளைப் பார்த்துவிட்டு என்னையே பரீட்சை வைத்தாள்.

"மாமா, ஃபயர்னா?"

"நெருப்பு."

"இன்னும்?"

"சுடுறது. அப்புறம், வேலைய விட்டுத் தூக்குறது."

"ஃபேக்டரியில தேத்தூள காய வைக்கிறதும் ஃபயர்தான் மாமா."

"பாவம். அப்ப தேயிலைக்கும் வேல போச்சா?"

அவள் சிரித்தாள். அடுப்படியிலிருந்து சுமதியும் சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். "அம்மாவுக்கு இன்னிக்கு முழுப் பேரு மாமா" என்றாள் தர்ஷினி. கேட்டுத் தெரிந்துகொண்டேன். பேர் என்றால் இங்கே ஒரு நாள் கூலி. எடை குறைந்தால் அரைப் பேர் போடுவார்களாம். நேம் என்ற வார்த்தைக்கு இப்படியும் ஒரு அர்த்தம் உன் பேப்பரில் இருக்காது. மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சொல்லிவிடலாம், இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினேன்.

அப்போது வாசலில் ஒருவன் வந்து நின்றான். மரியம்மாவின் மகன் அந்தோனி. ஸ்டெல்லாவைக் கட்டி ஒரு வருடம்கூட ஆகாதவன். உள்ளே வரவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"சுமதிக்கா, தகரம் ஒழுகுதா?"

"இல்லியே. ஏன்?"

"சும்மாதான். அடுப்படியில பொக வெளிய போகுதா?"

"என்னடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி மேலயும் கீழயும் பாக்கற?"

அவன் நெளிந்தான். "இல்லக்கா, அம்மா சொன்னாங்க. நீங்க இந்தியாவுக்குப் போறீங்களாம். அதான் ஸ்டெல்லா கேட்டுட்டு வரச் சொன்னா, ஜன்னலுக்குக் கொக்கி இருக்கான்னு."

சுமதி போட்டிருந்த ரொட்டி கல்லிலேயே கருகியது.  அவன் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"யாருகிட்ட சொன்னீங்க?"

"பஸ்ஸுல. அந்த மரியம்மாகிட்ட."

"நான் போறேன்னு எனக்கு முன்னால அந்தோனிக்குத் தெரியுது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே?"

"கேக்கத்தான் வந்தேன். பூட்டிட்டு வா, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

"பூட்டிட்டா?" அவள் சிரித்தாள். முன்பு சிரித்த சிரிப்பு இல்லை அது. "இது நம்ம வீடு இல்லண்ணே. தோட்டத்து வீடு. வேல செய்ற ஆளு இருந்தாத்தான் காம்பரா. அவர் செத்ததும், இனி உங்க வீட்ல வேலைக்கு யாருன்னு கேட்டு வந்துட்டாங்க. நான் ஆபீசுக்கு நடையா நடந்து என் பேர ஏத்துனேன். அதுவரைக்கும் நான் கொழுந்துக் கூடைய மாட்டுனதே இல்ல. இந்தப் புள்ளைக்கு ஒரு கூர வேணும்னு மாட்டுனேன். நீங்க ஒரு பேரிக்காய்க்கு அத எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்க."

பேரிக்காய் வரைக்கும் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. மலையில் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகிறது.

நானும் விடவில்லை. "அவரைக் கொன்ன மலைக்கே தெனம் போறியே. உன்னை அங்க விட்டுட்டு நான் எப்படித் தூங்குறது?" என்றேன்.

"அந்த மலையிலதாண்ணே அவரு கடைசியா நின்னாரு. அந்த எடத்துக்கு நெற வந்தா நானும் கொஞ்சம் நின்னுட்டுத்தான் கொழுந்து எடுப்பேன். கங்காணிகூட ஒண்ணும் சொல்ல மாட்டாரு. திருச்சிக்கு வந்தா நான் எங்க போயி நிக்கிறது?"

நெற என்றால் ஒரு ஆளுக்கு ஒதுக்குகிற தேயிலை வரிசை, கங்காணி என்றால் மலையில் நின்று வேலை வாங்குகிறவர்.  தர்ஷினி கருகிய ரொட்டியை வெளியே எடுத்துப் போட்டாள்.

அடுத்த நாள் சனிக்கிழமையும் சுமதி மலைக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த நாள் ஞாயிறு. காலையிலேயே தொழிற்சங்கத் தலைவர் வந்தார். தோட்டத்தில் எந்த வழக்கானாலும் முதலில் அவரிடம்தான் போகிறது. நல்ல மனிதர், குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

"கணக்கப்புள்ள ஐயா காதுக்குப் போயிருச்சி சுமதி. ஒன் காம்பராவுக்கு இப்பவே மூணு குடும்பம் கேட்டிருக்கு. போறதுன்னா போ. இல்லேன்னா நாளைக்குப் பெரட்டுல எல்லார் முன்னாலயும் சொல்லிப்புடு. அப்பத்தான் எவனும் அப்புறம் வாயத் தொறக்க மாட்டான்."

பெரட்டு என்பது நம் பரேட்தான். குடியரசு தினத்தில் நீங்கள் டிவியில் பார்ப்பது இல்லை. காலையில் ஆட்களைக் கூட்டி, பேர் கூப்பிட்டு, எந்த மலைக்கு யார் என்று பிரிக்கிற இடம். காம்பரா சங்கதிகளை அங்கே சொன்னால்தான் செல்லும் என்பது இவர்கள் வழக்கம்.

"நானே வந்து சொல்றேங்க. நான்தானே பேசிக் கெடுத்தேன்" என்றேன்.

"நீங்க பேசினது போதும்ணே" என்றாள் சுமதி. தலைவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அன்று மத்தியானம் நான் தனியாக மரியம்மா வீட்டுக்குப் போனேன். நாலு கேள்வி கேட்டுவிட்டு வரவேண்டும் என்ற கோபத்தில்தான் போனேன். அவர் வீட்டு இஸ்தோப்பில் நீலப் படுதா கட்டி மறைத்திருந்தது. அதற்குள் ஒரு பாய், ஒரு தலையணை, சுவரில் மாதா படம். ஸ்டெல்லா அங்கே உட்கார்ந்து, படுதாவின் ஓட்டை வழியாகச் சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு பேசினை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். நிறைமாதம். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள்.

மரியம்மா எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "திட்டத்தானே வந்தீங்க? திட்டுங்க தம்பி. நான் திருடப் போகல. நீங்க பூட்டிட்டுப் போறேன்னீங்க. பூட்டுற வீடுன்னா எவனாவது வாங்கத்தான் போறான். அது என் மருமகளுக்குக் கெடைக்கட்டுமேன்னு அன்னிக்கே ஓடுனேன். உள்ள நாங்க அஞ்சு பேரு. பச்சப் புள்ளைய இந்தக் குளிர்ல எங்க வைக்கிறது?"

 தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். பார்த்ததைச் சுமதியிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதாண்ணே?" என்றாள்.  அவள் என்ன முடிவில் இருக்கிறாள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்துவிடுவாளோ என்ற ஆசை எனக்கு அப்போதும் போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், உங்கள் அம்மாவிடம் மாடி அறையைக் கழுவிவிடச் சொல்லிப் போன்கூட செய்தேன்.

திங்கட்கிழமை பெரட்டுக்கு நானும் போனேன். பனியில் எதிரே நிற்பவரின் முகம் தெரியவில்லை. பெண்கள் தலையில் சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டி நின்றார்கள். கணக்கப்பிள்ளை குடைக்குக் கீழே நின்று பேர் கூப்பிட்டார். சுமதியின் பேர் வரவேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

"என்ன சுமதி, போறியாமே?"

"எங்க ஐயா?"

"இந்தியாவுக்கு."

"எங்க அண்ணன் கூப்பிட வந்தாரு. பாசத்துல வந்தாரு. நான் போகல. புள்ளைக்குப் பரீட்ச இருக்கு, எனக்கு வேல இருக்கு. காம்பரா என் பேர்லயே இருக்கட்டும்."

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அத்தனை பேர் நடுவில், என்னைப் பார்க்காமல் சொன்னாள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அண்ணனையும் சும்மா நிறுத்தாதீங்க ஐயா. ஒரு கூடையக் குடுங்க, வந்ததுக்கு நாலு கிலோ எடுக்கட்டும்."

"அவருக்கு அரைப் பேரு போடுறதே கஷ்டம்" என்றார் கணக்கப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

மரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூடைக் கயிற்றைச் சரி செய்வது போலத் திரும்பிக்கொண்டார். சுமதி அவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"மரியம்மாக்கா! ஸ்டெல்லாவ எங்க வீட்ல கொண்டாந்து விடுங்க. புள்ள பொறந்து, குளிர் போற வரைக்கும் எங்ககூட இருக்கட்டும். நானும் தர்ஷினியும்தானே இருக்கோம்."

"அப்ப அந்தோனி?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவன் படுதாவுலயே கெடக்கட்டும். ஜன்னலுக்குக் கொக்கி இருக்கான்னு கேட்டான்ல, கொக்கி இருக்கு, அவனுக்குத் தொறக்க மாட்டோம்."

இந்தச் சிரிப்பில் கணக்கப்பிள்ளையின் குடையே ஆடியது. மரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நெசமாத்தான் சொல்றியாடி?" என்றார்.

"பெரட்டுல சொல்லிட்டேன்லக்கா."

அவர்கள் மலை ஏறிப் போனார்கள். நான் தனியாக லயத்துக்கு இறங்கி வந்து பையைக் கட்டினேன்.

நான் புறப்பட்டது அதற்கடுத்த நாள் சாயங்காலம், சுமதி வேலை முடிந்து வந்த பிறகு. என்னை பஸ் ஏற்றிவிட வருவதாகச் சொல்லி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா வந்துவிட்டாள். முன்னால் தலையணையோடு அவள், பின்னால் துணி மூட்டையோடு மரியம்மா, பாயோடு அந்தோனி. சின்ன வீடு, உடனே நிறைந்துவிட்டது. அவர்கள் நுழைய வழி விட்டு நான் பையோடு வெளியே வந்து நின்றேன்.

உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் படுத்திருந்த இடம்தான் ஸ்டெல்லாவுக்கு என்று முடிவானது. அங்கே காற்று அடிக்கும், சாக்கை வைத்து அடைக்க வேண்டும் என்றார் மரியம்மா. "அடுப்புப் பக்கம் தல வச்சிப் படு, இருமல் வராது" என்று சுமதி சொல்வது கேட்டது. அவள் இப்படி வீடு நிறையப் பேசி நான் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. ஸ்டெல்லாவின் துணியை மாட்ட ஒரு ஆணி வேண்டியிருந்தது. தர்ஷினி ஆணியைப் பிடித்துக்கொள்ள, சுமதி அம்மிக் குழவியால் அடித்தாள். ஒர்க்ஷாப்காரன் தங்கைதான், ஆனாலும் ஆணி கோணலாக இறங்கியது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

கீழே ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டது. அதுதான் அன்றைக்குக் கடைசி.

"சுமதி, நான் வாறேன்" என்றேன்.

"இருங்கண்ணே, இதோ, இந்த ஆணிய மட்டும் அடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள் உள்ளேயிருந்து.

நான் இறங்கி நடந்தேன்.